முப்பது கிலோவுக்கு ஒரு முதுகுப்பை

என் தங்கையின் புருஷன் வேட்டைக்காரன். அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்கிறான். மெல்பேர்னில், ரோவில் பக்கம் நடக்கும் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் மண்டபத்தின் பின்வரிசைக்குப் போங்கள். கட்லட் தட்டோடு நிற்கும் ஆண்களின் நடுவில், இடது கண்ணை இடுக்கிக்கொண்டு, கையில் இல்லாத துவக்கால் எதிர்ச் சுவரைக் குறிபார்த்தபடி நிற்பான். சுவர் ஒருநாளும் விழுந்ததில்லை. மலையிலும் அதே கதைதான். மூன்று குளிர்காலம் போனான். மூன்று முறையும் சேறு பிடித்த சப்பாத்தும் மூக்கொழுகும் தடிமனும் மட்டுமே வீடு வந்து சேர்ந்தன.

நாலாவது குளிர்காலத்தின் வாசலில் என் தங்கை வாய் திறந்தாள். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள், கண்ணில் நீரோடு. அந்த நீர் வெங்காயத்துடையதுதான்.

"இஞ்சருங்கோ. இந்த முறையும் வெறுங்கையோட வந்தீங்களெண்டால் துவக்கை விக்கிறது. சொல்லிப்போட்டன்."

"ஓம் ஓம்."

"ஓம் எண்டு சொன்னதுக்கு அண்ணா சாட்சி."

தேத்தண்ணி குடிக்க வந்தவன் நான். கதிரையில் இருந்தவன் இருந்தபடியே சாட்சியாகிவிட்டேன். சாட்சி என்றால் சம்பவ இடத்தில் நிற்க வேண்டுமல்லவா? ஆகவே நானும் மலைக்குப் போவதாக அவளே முடிவுசெய்தாள். யாரும் கேட்காத வரிகளை எழுதிக்கொண்டு, ஓரிடத்தில் இருக்க மாட்டாமல், கிளேட்டனுக்கும் கடலுக்கும் இடையில் காரோட்டித் திரிகிற ஐம்பது வயதுக்காரன். எனக்கும் ஒரு பிரயோசனம் வரட்டும் என்று நினைத்திருப்பாள்.

மச்சான் அன்று மாலையே என்னைக் கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு கார் நிற்கக்கூடிய கராஜ். கார்கள் இரண்டும் வெளியே மழையில் நிற்கின்றன. உள்ளே வேட்டை குடியிருக்கிறது. பூட்டிய இரும்புப் பெட்டியில் துவக்கு. சுவர் நிறையக் கொக்கிகள். கொக்கிகளில் இலைநிற மேலாடைகள், இலைநிறத் தொப்பிகள், இலைநிறக் கையுறைகள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நின்றால் அவனை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவன் நம்பிக்கை. தங்கை கண்டுபிடித்துவிடுவாள். குப்பைத்தொட்டியை வெளியே வைக்க வேண்டிய நாட்களில் கட்டாயம் கண்டுபிடித்துவிடுவாள்.

"மச்சான், பிழை என்னிலை இல்லை," என்றான். "பிழை பாக்கிலைதான்."

முதல் வருடம் பிழை சப்பாத்தில் இருந்தது. இரண்டாம் வருடம் தூரநோக்கியில். இப்போது பைக்கு வந்திருக்கிறது. காட்டில் ஒரு மரை தலையை உயர்த்தி, வந்தவன் முதுகில் கிடக்கும் பையைப் பார்த்து, இது போன வருடத்து மாடல் என்று முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டது போல.

மரை என்றால் மான் சாதியிலே பெரியது. தமிழ்நாட்டுச் சிநேகிதர்கள் கடமான் என்பார்கள். விக்டோரியா மலைகளுக்கு இது சொந்த மிருகம் இல்லை. முந்தி ஒரு காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து, இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும், கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டவை. வந்தன, குளிரைப் பழகின, பெருகின. இப்போது தொகை கூடிப்போச்சு, தோட்டத்தை அழிக்குது, ரோட்டை மறிக்குது என்று முறைப்பாடு. கூப்பிட்டுக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு எண்ணிப் பார்த்துத் திடுக்கிடுவது இந்த நாட்டின் பழைய வழக்கம். மரைக்கு மட்டும் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் விருப்பம்.

பை தேடும் படலம் தொடங்கியது. ஒரு மனிதன் பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். சாப்பாட்டு மேசையில், படுக்கையில், ரயிலில், வேலையிடத்துக் கழிவறையில், எங்கும் வீடியோ. தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் ஒரு பையைத் தூக்கி மேசையில் வைத்து, அதன் ஸிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி, குரல் தழுதழுக்கப் பேசுகிறார்கள். மச்சானும் கண் கலங்கக் கேட்கிறான். துணி எந்தத் துணி, மழை உள்ளே இறங்குமா, நனைந்தால் எடை எவ்வளவு கூடும், நடக்கும்போது துணியோடு துணி உரசிச் சத்தம் வருமா? அவனுடைய சொந்தக் குறட்டை இரண்டு மலை தாண்டிக் கேட்கும். அதற்கு ஒரு வீடியோவும் அவன் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். விஷயத்தை நன்றாகப் படித்திருந்தான். வேட்டைப் பை மற்றப் பைகளைப் போல இல்லை என்று எனக்கு விளங்கப்படுத்தினான். பின்னால் ஒரு விறைப்பான சட்டம். அதிலே கொளுவியிருக்கும் பை. இரண்டுக்கும் நடுவே, வார்களை இளக்கினால், ஒரு இடைவெளி திறக்கும். சுட்ட மிருகத்தின் இறைச்சியை அந்த இடைவெளியில், முதுகோடு ஒட்டி, வைத்துக் கட்டிக்கொண்டு வரலாம். பாரம் முதுகை விட்டு விலகி நின்றால் ஆளைப் பின்னுக்கு இழுத்து விழுத்திவிடும்.

"அதாலை மச்சான், போகேக்கை பாக் வெறுமையாப் போகவேணும். வரேக்கைதான் நிரம்பி வரவேணும். உதுதான் முழு ரகசியமும்."

பின்வரிசையில் கட்லட்டோடு நிற்கிறவர்களுக்கும் இதையேதான் சொன்னான். அதற்கு மேலே ஒழுக்கமும் சொன்னான். "சுட்டால் இறைச்சியைக் காட்டிலை அழுக விட்டிட்டு வரக்கூடாது. அது பாவம். தூக்கேலாதெண்டால் சுடவே கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் சொல்லியிருப்பான்.

கடைசியில் ஒரு பையை அல்ல, இரண்டை வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்று எனக்கு.

பையை உடம்புக்குப் பொருத்துவது ஒரு சடங்கு. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு வரும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அந்த நீளத்துக்குத்தான் சட்டத்தை ஏற்றி இறக்குவது. தங்கை தையல் நாடாவோடு வந்தாள். கழுத்தெலும்பு உடனே கிடைத்தது. இடுப்பெலும்புதான் வில்லங்கம். இருபது வருடம் மெல்பேர்னில் சாப்பிட்ட ஒருவனின் இடுப்பெலும்பைத் தேடுவது தொல்பொருள் ஆராய்ச்சி. அவள் விரலால் குத்திக் குத்திப் பார்த்தாள்.

"உங்களுக்கு உண்மையா எலும்பு கிடக்கோ?"

"கூசுதப்பா! கொஞ்சம் கீழை பாரும்."

"கீழை போனால் கால் வந்திடும்."

பாரத்தைத் தோள் சுமக்கக் கூடாதாம். இடுப்புப்பட்டி சுமக்க வேண்டுமாம். பட்டியை வண்டிக்கு, அதாவது தொந்திக்கு, மேலே கட்டினால் மூச்சு முட்டுகிறது. கீழே கட்டினால் நழுவுகிறது. வண்டியின் நட்டநடுவில் கட்டிப் பார்த்தான். ஒரு மனிதன் இரண்டு மனிதர்களாகப் பிரிந்து தெரிந்தான். என்னைப் பார்த்து அவன் சிரித்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு மட்டும் என்ன, இடுப்பு நாணலா?

பிறகு ஒத்திகை. பைக்குள் அரிசி மூட்டைகளை வைத்துக் கட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி நடந்தோம். எதிர்வீட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், கணினி வேலை, புல் வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"வீடு மாத்துறீங்களாண்ணே?"

"இல்லைத் தம்பி, வேட்டைக்கு."

"ஆமாவா? அரிசியோடயா?"

மச்சான் கையை மட்டும் ஆட்டினான். அதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. அவரும் மரியாதை தெரிந்தவர். மெஷினை மறுபடி இயக்கி, சிரிப்பை அந்தச் சத்தத்துக்குள் ஒளித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியப் பயணம். வியாழன் பின்னேரம் பையை அடுக்கினோம். மச்சான் அடுக்கியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சின்னக் கூடாரம், படுக்கைப் பை, கத்தி, இறைச்சி போடும் துணிப்பைகள், ஒரு சின்ன அடுப்பு, வெந்நீர் ஊற்றினால் சாப்பாடாகும் என்று சொல்லப்படுகிற தூள் பொட்டலங்கள், ஒரு முதலுதவிப் பெட்டி. முடிந்தது. பை மெலிந்து, வயிறு ஒட்டி, காற்றுக் குறைந்த பந்துபோலக் கொக்கியில் தொங்கியது. அந்த வெறுமை அழகாக இருந்தது. நான் எழுத நினைத்து எழுதாமல் விட்ட எல்லா வரிகளும் அதற்குள் போயிருக்கும்; அவ்வளவு இடம். மச்சானும் ஒரு அடி பின்னுக்கு நின்று பார்த்தான். அவனைத் திருமண மேடையிலும் பார்த்திருக்கிறேன்; அங்கேகூட அந்தப் பார்வை இல்லை.

அப்போதுதான் தங்கை வந்தாள்.

ஒரு கையால் பையைத் தூக்கினாள். என் தங்கையைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். சூட்கேஸ் அடுக்குவதில் இந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஊருக்குப் போகிறவர்கள் அவளைக் கூப்பிட்டுத்தான் அடுக்குவார்கள். பால்மா டின்னுக்குள் காலுறை, காலுறைக்குள் சவர்க்காரம், சப்பாத்துக்குள் சொக்கலேற். வெற்றிடம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதை அவள் கை ஒத்துக்கொள்ளாது.

"இவ்வளவுதானோ?" என்றாள்.

"போகேக்கை வெறுமையாத்தான்..."

"எவ்வளவு தாங்குமாம்?"

"நாப்பத்தஞ்சு," என்றான் மச்சான். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு விளங்கியது.

"நாப்பத்தஞ்சு தாங்குற பாக்கிலை பன்ரண்டோட போறீங்களோ?"

நான் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். படித்ததெல்லாம், தாடிக்காரர்களெல்லாம், ரகசியமெல்லாம் அந்த முகத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. மிச்சமாக நின்றவன் விமான நிலையத்தில் செக்-இன் வரிசையில் நிற்கும் தமிழன். அனுமதித்த எடை முப்பது என்றால் இருபத்தாறோடு போகிற ஒருவனை எங்கள் சனத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை. முப்பது என்பது மற்றவர்களுக்கு எல்லை. எங்களுக்கு அது இலக்கு. கூடிவிட்டால் கவுன்ரரில் பெட்டியைத் திறந்து, நாலு பேர் பார்க்க, இரண்டு கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வோம். வெட்கமில்லை. குறைந்துவிட்டால்தான் அவமானம். பறந்து போகும் வழி முழுக்க அந்த நாலு கிலோ நெஞ்சுக்குள் இருந்து அழுத்தும்.

"நாப்பத்தஞ்சு வேண்டாம்," என்றான் மெதுவாக. "முப்பது போதும்."

அதற்குப் பிறகு குசினிக்கும் கராஜுக்கும் இடையில் நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. நானும் தடுக்கவில்லை, வாசனை அப்படி. வெள்ளிக்கிழமை என்பதால் மச்சமோ மாமிசமோ இல்லை, எல்லாம் மரக்கறி. பிட்டு வந்தது, வாழையிலையில் சுற்றி. கத்தரிக்காய்ப் பொரியல், இடியப்பம், அதற்கு ஒரு சொதி, சொதிக்கு ஒரு போத்தல், போத்தல் உடையாமல் இருக்க ஒரு துவாய். சனிக்கிழமைக்கு எலுமிச்சம் சாதம். குளிருமே என்று பயத்தம் பணியாரம். தட்டை வடை ஒரு டின். அந்த டின் ஆடாமல் இருக்க இன்னொரு டின். கூடாரத்துக்கு வெளியே போட்டுக்கொள்ள இரண்டு சோடிச் செருப்பு. ஒரு சின்ன வேல், பாதுகாப்புக்கு. இறைச்சிக்கென்று தாடிக்காரர்கள் உயிரைக் கொடுத்து உண்டாக்கிய அந்த இடைவெளியில், முதுகோடு ஒட்டி, ஆடாமல் அசையாமல், அவளுடைய சீதன டிபன் கரியர் போய் இருந்தது.

கொக்கியில் பயணப்பெட்டித் தராசை மாட்டி நிறுத்தார்கள். முப்பதுக்கு ஒரு மயிரிழை குறைய. புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு என் பையைப் பார்த்தார்கள்.

டார்கோ என்ற மலையடி ஊருக்கு மேலே ஏறினோம். மலையைப் பற்றி நான் எழுதாமல் விட முடியாது, ஆனால் அன்று நான் பார்த்த மலை என் சப்பாத்து முனைக்கு முன்னால் இருந்த மூன்றடி மலை. பாரம் தலையைக் குனிய வைத்துவிட்டது. யூக்கலிப்டஸ் பட்டைகள் உரிந்து உரிந்து தொங்கின. பனிமூட்டம் பள்ளத்திலிருந்து எழுந்து, எங்களை எட்டிப் பார்த்து, இரக்கப்பட்டுத் திரும்பிப் போனது. எங்கோ ஆறு ஓடியது. அது ஆறா என் காதுக்குள் ஓடும் இரத்தமா என்று தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் கரியரின் கைப்பிடி ஒரு மணிச்சத்தம் போட்டது. தேர் வருகிறது, விலகுங்கள் என்று காட்டுக்கு அறிவித்துக்கொண்டு இரண்டு வேட்டைக்காரர்கள் போனோம்.

மத்தியானம் தாண்டி ஒரு பாறை மறைவில் படுத்தோம். படுத்தோம் என்பது பெருமைப் பேச்சு, விழுந்தோம். எதிரே பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் ஒரு வெளிச்சமான சரிவு.

அங்கே அது நின்றது.

பெரிய மரை. கழுத்துமயிர் நனைந்து கறுத்து, கொம்பு மரக்கிளையோடு மரக்கிளையாக. அவ்வளவு சத்தத்துக்கும் ஓடாமல் நின்றதற்கு என்னால் ஒரே காரணம்தான் சொல்ல முடியும்: இவ்வளவு சத்தத்தோடு யாரும் கொல்ல வரமாட்டார்கள் என்று நினைத்திருக்கும்.

மச்சான் துவக்கைப் பாறைமேல் ஊன்றினான். கை நடுங்கவில்லை. உண்மையாகவே நடுங்கவில்லை, அந்த மண்டபத்துச் சுவர்கள் அவனை நன்றாகப் பழக்கியிருந்தன. நாலு வருடம், ஒரு துவக்கு, தங்கைக்குக் கொடுத்த வாக்கு, எல்லாம் அந்த விரல் நுனியில் வந்து நின்றன.

விரல் அமுக்கவில்லை.

"மச்சான்," என்றான், கண்ணை எடுக்காமல், காற்றைவிட மெதுவாக. "உன்ரை பாக்கிலை எவ்வளவு இடம் கிடக்கு?"

"ஒரு சின்னத் தேசிக்காய் வைக்கலாம்."

"என்ரையிலை அதுவுமில்லை."

மரை காதை ஆட்டியது. நாங்கள் யோசித்தோம்.

"கரியரை விட்டிட்டுப் போவம்," என்றேன். "பிறகு வந்து எடுக்கலாம்."

"சீதனக் கரியரடா. துவக்கை மட்டுமில்லை, என்னையும் வித்துப் போடுவாள்."

"அப்ப சாப்பாட்டைக் கொட்டு."

அவன் கண்ணைத் துவக்கிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தான். நான் சொன்னதை நானே கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் ஊரில், யுத்தத்தில் பொருளாதாரத் தடை போட்ட காலத்துப் பிள்ளைகள். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மாவும் வராத வருடங்களில் வளர்ந்தவர்கள். எங்களால் ஒரு உயிரைச் சுட முடியுமா என்பது இன்னும் எனக்குத் தெரியாது. ஒரு பிடி பிட்டை மண்ணில் கொட்ட முடியாது என்பது தெரியும்.

"அப்ப ஒரே வழிதான்," என்றான் அவன், மிகவும் ஒழுக்கமாக. "சாப்பிட்டு முடிப்பம். இடம் வரும்."

சாப்பிட்டோம். சிரிக்காதீர்கள். ஒரு கை துவக்கில், ஒரு கை பிட்டில். எதிர்ச் சரிவில் மரை நின்று மேய்ந்தது. இந்தப் பக்கம் நாங்கள் மேய்ந்தோம். மூன்று பேரும் ஊரிலிருந்து வந்தவர்கள், அந்நிய மலையில், வெள்ளிக்கிழமை, சுத்த மரக்கறி. கத்தரிக்காய் அருமை. இடியப்பம் வரை சரியாகப் போனது. வடை டின்னில்தான் பிழைத்தது. தட்டை வடையைச் சத்தமில்லாமல் கடிக்க இன்னும் யாரும் வீடியோ போடவில்லை.

மரை தலையை உயர்த்தியது. பழுதான பஸ் ஹோர்ன் மாதிரி ஒரே ஒரு கத்தல். பள்ளம் முழுக்க அது உருண்டு முடிவதற்குள் சரிவு வெறுமையாகிவிட்டது.

மச்சான் துவக்கைப் பூட்டிக் கீழே வைத்தான். நீளமாக மூச்சு விட்டான். துக்கமா என்று நான் கேட்கவில்லை. துக்கம் அப்படி ஒலிக்காது. மிச்ச வடையைச் சாப்பிட்டான். எழுந்து பையை மாட்டி, இடுப்புப்பட்டியை இறுக்கி, இரண்டு குதி குதித்துப் பார்த்தான்.

"பார் மச்சான், ஒரு அசைவில்லை. என்ன மாதிரி நிக்குது!"

சனிக்கிழமை எலுமிச்சம் சாதத்தோடு போனது; மரை மறுபடி கண்ணில் படவில்லை. ஞாயிறு மத்தியானம் வீட்டு வாசலில் தங்கை நின்றாள். முதலில் கரியரை வாங்கித் திறந்து பார்த்தாள். வெறுமை. முகம் மலர்ந்தது.

"வடையும் முடிஞ்சுதோ?"

"ஓம்."

"மரை?"

"கண்டனாங்கள்."

"பிறகு?"

அவன் என்னைப் பார்த்தான். சாட்சி நான்தானே. "பாக்கிலை இடமில்லை," என்றேன்.

அவள் கரியரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "அப்ப துவக்கு?" என்றாள், கொஞ்சம் குரல் இறங்கி. இன்னும் ஒரு வருடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். எனக்கே தெரிந்தது, அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

"விக்கலாம்," என்றான். கேள்வி முடிவதற்குள் வந்த பதில்.

துவக்குக் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுட்ட தடயமே இல்லாத துவக்கு. புதுசு மாதிரி இருக்கிறதே என்று மெச்சினார். மச்சான் பெருமையோடு ஏற்றுக்கொண்டான். பிறகு அவர் அவன் முதுகைக் காட்டி, அந்தப் பையையும் விற்பதானால் ஒரு நல்ல ஆள் இருக்கிறது என்றார். மச்சான் இரண்டு கையாலும் தோள்வார்களைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தான். துவக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது மண்டபத்துப் பின்வரிசையில் அவன் சுவரைச் சுடுவதில்லை. பையைப் பற்றிப் பேசுகிறான். சிட்னிக்குப் போனால் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கும் அதைத்தான் சுமந்துகொண்டு போகிறான், வேட்டி சால்வையோடு, இடுப்புப்பட்டி கட்டி. "என்ன தம்பி, கதிர்காமத்துக்கு நடையாப் போறீரோ?" என்று ஒரு அங்கிள் வாசலில் கேட்டார். ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு தயாராகத்தான் நின்றான்.

போன கிழமை மச்சானோடு கராஜுக்குப் போனேன். இரும்புப் பெட்டி இருந்த இடத்தில் கார் ஒன்று நிற்கிறது. கொக்கியில் பை, அடுக்கி, வார்கள் இழுத்து, புறப்படத் தயாராக. தங்கையும் பின்னால் வந்து நின்றாள்.

"எங்கை போக அடுக்கி வச்சிருக்கிறீங்கள்?" என்று அவனைக் கேட்டாள்.

"ஓரிடமுமில்லை. சும்மா கிடக்கட்டும்."

அவள் ஒரு கையால் பையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணை மூடி யோசித்தாள்.

"இன்னும் ரெண்டு கிலோ போடலாம்," என்றுவிட்டுக் குசினிக்குப் போனாள்.